டிபி-2 கப்பல்: த்ரஸ்டர் 45 சதவீதம்தான் ஓடுகிறது, பிறகு ஏன் கான்சீக்வன்ஸ் அலாரம்?

மூன்றாம்வாட்ச்:

வணக்கம். 75 மீட்டர் பிளாட்ஃபார்ம் சப்ளை கப்பல் (கடலில் உள்ள எண்ணெய் மேடைக்குச் சரக்கு கொண்டுபோவது), டிபி-2: நங்கூரம் இல்லாமல் கணினியே கப்பலை ஒரே இடத்தில் பிடித்து நிறுத்தும் டிபி அமைப்பு, ஒரு பழுது வந்தாலும் இடம் தவறக்கூடாத தரம். அமைப்பைச் சொல்லிவிடுகிறேன்.

மெயின் எஞ்சின் இரண்டு, தலா 2,600 கிலோவாட். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிபிபி புரொப்பெல்லர் (இதழ்க் கோணத்தை, அதாவது பிட்சை, மாற்றக்கூடியது), அதன் பின்னால் ஒரு சுக்கான், கியர்பாக்ஸில் அந்த எஞ்சினே சுழற்றும் ஒரு ஷாஃப்ட் ஜெனரேட்டர். முன்பக்கம் 800 கிலோவாட் டனல் த்ரஸ்டர் (கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறி) இரண்டு: ஒன்று போர்ட் (இடப்பக்க) ஷாஃப்ட் ஜெனரேட்டரில், மற்றது ஸ்டார்போர்டில் (வலப்பக்கத்தில்). பின்பக்கம் ஒரே டனல் த்ரஸ்டர், 600 கிலோவாட், போர்ட் பக்கத்து சப்ளை. 440 வோல்ட் மின்பங்கீட்டு போர்டுக்கு டீசல் ஜெனரேட்டர் இரண்டு.

25 நாட் காற்று பக்கவாட்டில், அதே பக்கத்திலிருந்து 1 நாட் நீரோட்டம். முன் த்ரஸ்டர்கள் 30-35 சதவீதம், பின் த்ரஸ்டர் 45. எதுவுமே பாதியைத் தாண்டவில்லை. ஆனால் கான்சீக்வன்ஸ் அனாலிசிஸ் (ஒரு பழுது வந்தால் கப்பல் இடத்தில் நிற்குமா என்று கணிக்கும் மென்பொருள்) அலாரம் வந்துகொண்டே இருக்கிறது.

1. இது பொய் அலாரமா? அக்னாலெட்ஜ் செய்துவிட்டு வேலையைத் தொடரலாமா?

2. 440 வோல்ட் பக்கம் ஒரு ஜெனரேட்டர்தான் ஓடுகிறது, பஸ்-டை (போர்டின் இரு பாதிகளை இணைக்கும் பிரேக்கர்) மூடியிருக்கிறது, மற்றது ஸ்டாண்ட்பை. லோடு 40 சதவீதம்கூட இல்லாததால் இரண்டை ஓட்டுவது வீண் என்கிறார்கள். சரியா?

3. இருட்டிய பிறகு சில நாள் செயற்கைக்கோள் வழியே இடம் சொல்லும் இரண்டு டிஜிபிஎஸ்ஸும் ஒன்றாகத் தாவுகின்றன. பிளாட்ஃபார்மில் உள்ள ரிஃப்ளெக்டரைப் பார்த்து இடம் சொல்லும் லேசர் மட்டும் அசையாமல் நிற்கிறது. ஆனால் சிஸ்டம் லேசரைத்தான் தூக்கி எறிகிறது. ஏன்?

சுக்கான்பிடி:

முதல் கேள்விக்கு: அலாரம் நிஜம். 100-லிருந்து 45-ஐக் கழித்து மிச்சத்தைக் கையிருப்பு என்று நினைப்பதில்தான் பிழை. அந்த மென்பொருள் கேட்பது வேறு. இந்த நொடியில் போர்ட் எஞ்சின் நின்றால், இதே காற்றில், இதே ஹெட்டிங்கில் (மூக்கு நோக்கும் திசையில்), மிச்சமிருப்பதை வைத்து நிற்க முடியுமா என்று கேட்கிறது. உங்கள் கப்பலில் முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

75 மீட்டர் சப்ளை கப்பலுக்கு பக்கவாட்டுக் காற்றுப் பரப்பு சுமார் 700 சதுர மீட்டர். 25 நாட் என்றால் 12.9 மீ/வி. காற்று விசை ஏறத்தாழ 7 டன். 1 நாட் நீரோட்டம் பக்கவாட்டில் 4 டன் சுமாருக்குத் தள்ளும். அலை 3, 4 டன் சேர்க்கும். மொத்தம் 15 டன் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் பாதி, பின்னால் பாதி, ஆளுக்கு 7.5.

டனல் த்ரஸ்டருக்கு 1,000 கிலோவாட்டுக்கு 14-15 டன் என்பது கைக்கணக்கு. முன்னால் இரண்டும் சேர்ந்து 23 டன்னுக்கு மேல். 7.5 கேட்டால் 32 சதவீதம், நீங்கள் திரையில் பார்க்கும் எண்தான். பின் த்ரஸ்டரின் முழுத் திறன் 8.8 டன், அது 45 சதவீதத்தில் 4 டன் தருகிறது. மிச்சம் 3.5 டன்னைத் தருவது சுக்கான்கள். ஒரு புரொப்பெல்லர் முன்னே தள்ள, அதன் சுக்கான் நீரைத் திருப்ப, மற்ற புரொப்பெல்லர் பின்னே இழுத்து அந்த முன்தள்ளலைச் சமன் செய்கிறது. இரட்டை ஸ்க்ரூ கப்பல் டிபியில் பின்பக்கத்தைப் பிடித்து நிற்பதே இந்த இழுபறியில்தான்.

இப்போது போர்ட் எஞ்சினை நிறுத்துங்கள். போர்ட் புரொப்பெல்லர் போச்சு. போர்ட் ஷாஃப்ட் ஜெனரேட்டர் போச்சு. அதோடு ஒரு முன் த்ரஸ்டரும், இருக்கிற ஒரே பின் த்ரஸ்டரும். முன்பக்கம் மிச்சமிருக்கும் த்ரஸ்டர் 64 சதவீதத்துக்கு ஏறும், அங்கே பிரச்சினை இல்லை. பின்பக்கம் 7.5 டன்னையும் ஸ்டார்போர்ட் சுக்கான் ஒன்றே தர வேண்டும். சாதாரண சுக்கான் 35 டிகிரியில் தருவது புரொப்பெல்லர் தள்ளலில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் 20 டன்னுக்கு மேல் முன்னே தள்ள வேண்டும். அதைப் பின்னே இழுத்துப் பிடிக்க யாருமில்லை. கப்பல் முன்னால் ஓடும், அல்லது பின்பக்கம் விழும். இரண்டில் ஒன்று நிச்சயம்.

இன்னொன்று. புரொப்பெல்லர் பின்னோக்கி இழுக்கும்போது சுக்கான் மேல் நீர் பாயாது. அதனால் பின் த்ரஸ்டர் இல்லாத நிலையில் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது பக்கவாட்டை விட மோசம். நிற்க பின்னிழுப்பு வேண்டும். பின்னிழுப்பில் சுக்கான் செத்துப்போகும்.

மூக்கைக் காற்றுக்குக் கொடுங்கள். காற்றிலிருந்து 10 டிகிரி விலகி நின்றால் பக்கவாட்டு விசை 15 டன்னிலிருந்து 2.6 ஆகிறது. பின்பக்கப் பங்கு 1.3. அதற்கு ஸ்டார்போர்ட் புரொப்பெல்லர் 4 டன் சுமாருக்கு முன்னே தள்ளினால் போதும். எதிர்க்காற்றும் அலையும் பின்னே தள்ளுவது 3 டன் அளவு. சுக்கானைத் திருப்பியதில் இழப்பது போக நிகர முன்தள்ளலும் அதே 3-தான். கணக்கு மூடுகிறது. 20 டிகிரிக்குப் போனால் மூடாது: 7 டன்னுக்கு மேல் தள்ள வேண்டிவரும், எதிரே நிற்பது 3 டன்தான். இது தோராயம், பரப்பும் குணகமும் கப்பலுக்குக் கப்பல் மாறும். ஆனால் அலாரம் எந்த ஹெட்டிங்கில் அடங்குகிறது என்று 5 டிகிரி 5 டிகிரியாகத் திருப்பிப் பார்த்தால் உங்கள் கப்பலின் எண் கிடைத்துவிடும். பிளாட்ஃபார்மைச் சுற்றியுள்ள 500 மீட்டர் பாதுகாப்பு எல்லைக்கு வெளியே செய்யுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை: அந்த 45 எதன் சதவீதம் என்று முதலில் பாருங்கள். சில திரைகளில் பிட்ச், சிலவற்றில் ஆர்பிஎம், சிலவற்றில் விசை. ஃபிக்ஸட் பிட்சில் பாதி ஆர்பிஎம் என்றால் விசை கால் பங்கு, பவர் எட்டில் ஒன்று. வாட்ச் ஒப்படைக்கும்போது 'நாற்பத்தஞ்சு ஓடுது' என்பதற்கு, இது தெரியாமல், ஒரு பொருளும் இல்லை.

கீழ்த்தளம்:

இரண்டாவது கேள்வி என் பக்கம். 440 வோல்ட்டை டிபி ஆட்கள் 'ஹோட்டல் லோடு' (விளக்கு, சமையலறை போன்ற தங்கும் வசதிக்கான மின்சுமை) என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் போர்டில் எதெல்லாம் தொங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: இரண்டு ஸ்டியரிங் கியரின் (சுக்கானைத் திருப்பும் கருவியின்) பம்புகள், சிபிபி ஹைட்ராலிக் ஸ்டாண்ட்பை பம்புகள், கடல்நீர்க் குளிர்விப்பு பம்புகள், எரிபொருள் பூஸ்டர் பம்புகள், த்ரஸ்டர் மோட்டார் விசிறிகள், எஞ்சின் அறைக் காற்றோட்டம். ஒரே ஜெனரேட்டர், மூடிய பஸ்-டை என்றால் இடமும் வலமும் சேரும் ஒரு புள்ளியை நீங்களே உண்டாக்கிவிட்டீர்கள். மேலே எத்தனை த்ரஸ்டர் இருந்தாலும் பயனில்லை.

ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர் தானாகக் கிளம்பும் என்ற வாதம் டிபி-2-இல் செல்லாது. 1994-இன் ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) சுற்றறிக்கை 645-ம் சரி, 2017-இல் வந்த 1580-ம் சரி, மாற்று ஏற்பாடு உடனடியாகக் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கின்றன. ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பொருள். இருட்டடிப்புக்குப் பிறகு 45 விநாடியில் மின்சாரம் திரும்புவது பயணத்தில் இருக்கும் கப்பலுக்குப் போதும். பிளாட்ஃபார்முக்கு 15 மீட்டரில் நிற்கும் கப்பலுக்குப் போதாது. சுக்கான்பிடி சொன்ன 15 டன்னை எடுத்துக்கொள்ளுங்கள். 4,500 டன் கப்பல், பக்கவாட்டில் இழுத்துச் செல்லும் நீரையும் சேர்த்தால் 8,500 டன். தள்ளல் முழுக்க நின்றால் 30 விநாடியில் 8 மீட்டர், 45 விநாடியில் 18 மீட்டர், ஒரு நிமிடத்தில் 31. மின்சாரம் வருமுன் பிளாட்ஃபார்ம் வந்துவிடும்.

எனவே இரண்டு ஜெனரேட்டரும் ஓட வேண்டும், பஸ்-டை திறந்திருக்க வேண்டும். 40 சதவீத லோடு இரண்டாகப் பிரிந்தால் தலா 20. அந்த லோடில் நாள்கணக்கில் ஓடினால் டர்போவும் எக்ஸாஸ்ட்டும் கரி பிடிக்கும் என்பது உண்மை. அதற்கு வழி, 500 மீட்டருக்கு வெளியே வந்ததும் ஒன்றை நிறுத்தி மற்றதை நல்ல லோடில் ஓட்டிக் கரியை எரிப்பது. உள்ளே இருக்கும்போது எண்ணெய்க் கணக்குப் பார்ப்பது அல்ல.

இரண்டையும் சேர்த்து, பஸ்-டை மூடி ஓட்டலாமே என்று அடுத்துக் கேட்பார்கள். அதில் வேறு ஆபத்து. ஒரு கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) கெட்டு எரிபொருளை முழுக்கத் திறந்தால் அந்த ஜெனரேட்டர் லோடு முழுவதையும் பிடுங்கிக்கொள்ளும். நல்ல ஜெனரேட்டர் ரிவர்ஸ் பவரில் ட்ரிப் ஆகும். கெட்டது தனியாக ஓவர்ஸ்பீடில் போய் நிற்கும். இரண்டும் போச்சு. சாதாரண பாதுகாப்பு ரிலே இதில் நல்லதைத்தான் வெட்டும். ஏவிஆர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது) கெட்டு வரும் ஓவர்-எக்ஸைட்டேஷனிலும் கதை இதேதான். ஷார்ட் சர்க்கியூட் ஆனால் பஸ்-டை திறப்பதற்குள் இரு பக்கமும் வோல்டேஜ் சரிந்து, கான்டாக்டர்கள் எல்லாம் விழுந்துவிடும். மூடிய பஸ்-டைக்கென்றே வடிவமைத்து, சோதித்து நிரூபித்த கப்பல்கள் உண்டு. உங்கள் எஃப்எம்இஏ (எந்தப் பழுதுக்கு என்ன விளைவு என்று பகுத்தாயும் ஆவணம்) திறந்தது என்று சொன்னால் திறந்ததுதான்.

போர்டைப் பிரித்தாலும் போதாது. எரிபொருள் டே டேங்க் இரண்டுக்கும் நடுவே உள்ள கிராஸ்ஓவர் வால்வு, கடல்நீரை உள்ளே எடுக்கும் சீ செஸ்ட் கிராஸ்ஓவர், எரிபொருளை அவசரத்தில் அடைக்கும் குவிக்-குளோசிங் வால்வுகளுக்கான காற்று, 24 வோல்ட் கட்டுப்பாட்டு மின்சாரம்: நான்கும் வழக்கமான குற்றவாளிகள். 24 வோல்ட்டில் டயோடு வழியே இரு பக்கமும் ஊட்டப்படும் ஒரு பெட்டி இருந்தால், அதற்குள் ஆகும் ஒரு ஷார்ட் இரண்டு சப்ளையையும் இழுத்துச் சாய்க்கும். பாதுகாப்புக்காகப் போட்ட இரட்டைச் சப்ளைதான் இரண்டையும் கட்டிப்போடுகிறது.

சிபிபி-இல் ஹைட்ராலிக் அழுத்தம் போனால் பிட்ச் எங்கே போகும் என்று உங்கள் தயாரிப்பாளர் கையேட்டில் தேடுங்கள். இருந்த இடத்திலேயே நிற்கும் வகை உண்டு. முழு முன்பிட்சுக்கு ஓடும் வகையும் உண்டு, வீட்டுக்குத் திரும்ப வசதியாக. டிபியில் அந்த வசதி எமன். எந்தப் பழுதிலும் தள்ளல் கூடவோ திசை மாறவோ கூடாது என்பது விதி; உங்கள் கப்பல் அதை எப்படி நிறைவேற்றுகிறது என்பது எஃப்எம்இஏ-இல் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

பழையநங்கூரம்:

இவ்வளவு பயப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது. அந்த அலாரத்தைக் கொஞ்சம் தாராளமாக செட் செய்யலாம். டெக்கில் வேலை ஒரு மணி நேரம். எஞ்சின் அந்த ஒரு மணி நேரத்தில்தானா நிற்கப் போகிறது? பக்கவாட்டில் நின்றால்தான் க்ரேன் எட்டும் என்றால் என்ன செய்வது?

சுக்கான்பிடி:

க்ரேன் எட்டாவிட்டால் வேலை நடக்காது, அவ்வளவுதான். அல்லது காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டும்.

2005 ஜூலை 27, மும்பை ஹை நார்த். சமுத்ரா சுரக்ஷா என்ற பல்நோக்கு ஆதரவுக் கப்பலில் சமையல்காரருக்கு விரல் வெட்டுப்பட்டது. மழைக்கால வானிலையில் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. க்ரேன் கூடையில் அவரைப் பிளாட்ஃபார்முக்கு மாற்ற முடிவாயிற்று. காற்று மறைவுப் பக்கத்து க்ரேன் வேலை செய்யவில்லை. எனவே கப்பல் காற்றடிக்கும் பக்கமாக வந்தது. அஸிமுத் (திசை திருப்பக்கூடிய) த்ரஸ்டர்களில் கோளாறு, கைக்கட்டுப்பாட்டில் பின்பக்கமாக நெருங்கியது. அலை தூக்கித் தள்ள, கப்பல் ரைசர்களில் (கடலடியிலிருந்து எண்ணெய், எரிவாயு கொண்டுவரும் குழாய்களில்) மோதியது. எரிவாயு கசிந்து பற்றியது. சுமார் 2 மணி நேரத்தில் பிளாட்ஃபார்ம் இல்லை. 22 பேர் இறந்தார்கள், 362 பேர் காப்பாற்றப்பட்டார்கள். கப்பலும் ஆகஸ்ட் 1 அன்று மூழ்கியது.

'க்ரேன் அந்தப் பக்கம்தான் எட்டும்' என்ற வாக்கியம் அன்றும் சொல்லப்பட்டிருக்கும். காற்று உங்களைப் பிளாட்ஃபார்மை நோக்கித் தள்ளும் பக்கமா, விலக்கித் தள்ளும் பக்கமா என்பதுதான் முதல் கேள்வி. விலக்கும் பக்கம் என்றால் மேலே சொன்ன 18 மீட்டரும் திறந்த கடலை நோக்கித்தான் போகும். மஞ்சள் (எச்சரிக்கை), சிவப்பு (அபாயம்) எல்லைகளைச் சற்றுத் தாராளமாக வைக்க அங்கே இடமுண்டு. தள்ளும் பக்கத்தில் இல்லை.

அலாரத்தைத் தாராளமாக செட் செய்வது பற்றி: எச்சரிக்கை வரும் நிலையில் இருந்தால் அந்த நேரத்துக்கு நீங்கள் டிபி-2 அல்ல. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் டிபி-1 கப்பலாகத்தான் நிற்கிறீர்கள். அந்த இடத்துக்கு டிபி-1 போதும் என்றால் அப்படியே எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்டு நில்லுங்கள். அதில் தவறில்லை. தெரியாமல் நிற்பதுதான் தவறு.

மூன்றாம்வாட்ச்:

நன்றி சுக்கான்பிடி அண்ணா, கீழ்த்தளம் அண்ணா. ஒரு விஷயம் விட்டுவிட்டேன். பின் த்ரஸ்டருக்கு இரண்டு பிரேக்கர் உண்டு. போர்ட் சப்ளை போனால் தானாக ஸ்டார்போர்ட் ஷாஃப்ட் ஜெனரேட்டருக்கு மாறும் ஆட்டோ சேஞ்ச்ஓவர். அப்படியானால் போர்ட் எஞ்சின் நின்றாலும் பின் த்ரஸ்டர் கிடைக்குமே?

கடல்மின்:

தம்பி, அந்த ஆட்டோ சேஞ்ச்ஓவரை முதலில் மேனுவலில் போடுங்கள், பிறகு பேசலாம்.

போர்ட் எஞ்சின் எண்ணெய் இல்லாமல் நின்றால் நீங்கள் சொல்வது நடக்கும். ஆனால் போர்ட் பஸ் விழுந்ததற்குக் காரணமே பின் த்ரஸ்டர் மோட்டாரிலோ அதன் கேபிளிலோ ஆன ஷார்ட் என்றால்? சேஞ்ச்ஓவர் அந்தப் பழுதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஸ்டார்போர்டில் ஒட்டும். இரண்டாவது பக்கமும் விழும். ஒரே பழுது, இரண்டு பஸ். டிபி-2 எதைத் தாங்க வேண்டுமோ அதைத் தாங்காமல் ஆக்குவது இந்தச் சின்ன ரிலே.

வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நிபந்தனைகள் உண்டு. ஓவர்கரண்ட்டில் ட்ரிப் ஆன பிரேக்கர் லாக்-அவுட் ஆகி, மாற்றத்தைத் தடுக்க வேண்டும். அண்டர்வோல்டேஜில் மட்டும் மாறலாம். இரண்டு பிரேக்கரும் ஒரே சமயம் மூடாதபடி மெக்கானிக்கல் இன்டர்லாக் வேண்டும், மென்பொருள் இன்டர்லாக் மட்டும் போதாது. 600 கிலோவாட் மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரண்ட்டை ஏற்கெனவே முன் த்ரஸ்டரைச் சுமக்கும் ஸ்டார்போர்ட் ஜெனரேட்டர் தாங்குமா என்று சோதித்திருக்க வேண்டும். எல்லாம் சரி என்றாலும் மோட்டார் நின்று, பிட்ச் சுழிக்கு வந்து, மறுபடி கிளம்ப 20, 30 விநாடி ஆகும். ஆகவே கணக்கில் சேர்க்காதீர்கள். மிஞ்சிப்போனால் தப்பித்து வெளியேற உதவும் கூடுதல் கை, அவ்வளவே.

அலாரம் மென்பொருளைப் பற்றியும் ஒன்று. கான்சீக்வன்ஸ் அனாலிசிஸ் தனக்குச் சொல்லிக்கொடுத்த குழுக்களை மட்டுமே நிறுத்திப் பார்க்கும். பெரும்பாலும் அது பார்ப்பது பெரிய பிரேக்கர்களையும் பஸ்-டை நிலையையும்தான். கீழ்த்தளம் சொன்ன 440 வோல்ட், 24 வோல்ட், எரிபொருள் கிராஸ்ஓவர் எதுவும் அதற்குத் தெரியாது. அலாரம் வந்தால் நம்புங்கள். வராவிட்டால் எல்லாம் நலம் என்று நம்பாதீர்கள்.

சுக்கானுக்கு வருகிறேன், யாரும் தொடவில்லை. மெயின் ஸ்டியரிங் கியர் ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30-க்கு 28 விநாடியில் போக வேண்டும் என்பது சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) விதி. விநாடிக்கு 2.3 டிகிரி. டிபி வேலைக்கு இது மந்தம். அதனால் இரண்டு பம்பையும் ஓட்டுவார்கள். அப்போது எந்தப் பம்புக்கு எங்கிருந்து சப்ளை என்று பாருங்கள். ஒரு சப்ளை எமர்ஜென்சி ஸ்விட்ச்போர்டிலிருந்து வரும், அந்தப் போர்டோ 440-இன் ஒரே பக்கத்தில் தொங்கும். இரண்டு சுக்கானின் பாதிப் பம்புகளும் அங்கே சேர்ந்துவிடுகின்றன.

மோசமான பழுது ஃபீட்பேக். சுக்கான் கோணத்தைச் சொல்லும் பொட்டென்ஷியோமீட்டரின் இணைப்புக் கம்பு தளர்ந்தால் கன்ட்ரோலர் சுக்கான் இன்னும் போகவில்லை என்று நினைத்துக் கடைசிவரை ஓட்டும். டிபிக்கும் ஸ்டியரிங் கன்ட்ரோலுக்கும் ஒரே ஃபீட்பேக் என்றால் திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். தனித்தனி ஃபீட்பேக் இருந்தால்தான் ப்ரெடிக்‌ஷன் எர்ரர் (கணித்ததும் நடப்பதும் ஒத்துவராத) அலாரம் வரும். வருடாந்திர சோதனையில் ஃபீட்பேக் வயரைக் கழற்றிப் பார்ப்பது இதற்காகத்தான். சுக்கான் அதே இடத்தில் உறைந்தால் பாஸ், ஓரத்துக்கு ஓடினால் ஃபெயில். வயரைக் கழற்றுவது மட்டும் போதாது, கம்பு தளர்வதைப் போல மெதுவாகச் சறுக்கும் பழுதையும் சிக்னல் சிமுலேட்டரில் கொடுத்துப் பாருங்கள். வயர் அறுந்தால் கண்டுபிடிக்கும் பல கன்ட்ரோலர்கள் இதில் ஏமாறும்.

மூன்றாவது கேள்வி சுலபம். பூமியின் காந்த நடுக்கோடு நம் திருநெல்வேலிப் பக்கமாகத்தான் போகிறது. சூரியன் மறைந்த பிறகு அதன் மேலே அயனிமண்டலத்தில் குமிழிகள் எழும்பி, காந்தக் கோடுகளைப் பிடித்து இருபுறமும் பரவுகின்றன. மும்பை ஹை வரை எட்டும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபரில், இரவு 7 மணி முதல் நள்ளிரவு வரை அதிகம். சூரியச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் வருடங்களில் இன்னும் அதிகம். செயற்கைக்கோள் சமிக்ஞை மினுங்கி அறுபடும். உங்கள் இரண்டு ரிசீவரும் ஒரே வானத்தைத்தான் பார்க்கின்றன. இரண்டு ரிசீவர் என்பது இரண்டு சாட்சி அல்ல, ஒரே சாட்சி இரண்டு முறை பேசுவது. ஆனால் சிஸ்டத்துக்கு அது தெரியாது. மூன்றில் இரண்டு ஒத்துப்போகிறதே என்று மீடியன் டெஸ்ட்டில் (நடு மதிப்போடு ஒப்பிடும் சோதனையில்) லேசரை வெளியே தள்ளிவிடும்.

செய்ய வேண்டியது: இருட்டும் முன்பே லேசரோடு ரேடார் வகை ரெஃபரன்ஸ் (இடம் சொல்லும் கருவி) ஒன்றையும் உள்ளே எடுத்து, டிஜிபிஎஸ் ஒன்றை டீசெலக்ட் செய்யுங்கள். மூன்று இருக்கும், மூன்றும் ஒரே காரணத்தால் கெடாது. லேசரும் புனிதமானதல்ல. ஒட்டும் டேப்புக்குப் பதில் ப்ரிசம் வையுங்கள், ஆட்கள் நடக்கும் பாதையிலிருந்து தள்ளி. இல்லாவிட்டால் யாராவது வேலை உடையின் ரிஃப்ளெக்டர் பட்டையோடு நடந்துபோக, லேசர் அவரைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும். கப்பலும் போகும்.

பழையநங்கூரம்:

க்ரேன் கதையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சேர்க்கை: ஹெட்டிங்கை மாற்றியதும் அலாரம் அடங்கிவிட்டது என்று உடனே உள்ளே போகாதீர்கள். டிபி 'கரண்ட்' என்று காட்டுவது நீரோட்டம் மட்டும் அல்ல. தன் கணக்கில் இடம் தெரியாத எல்லா விசையையும் அதில் போட்டு வைத்திருக்கும். பெரிய திருப்பத்துக்குப் பிறகு அந்த எண் பொய். மாடல் மறுபடி படிய 20, 30 நிமிடம் கொடுங்கள். அதற்குப் பிறகு அலாரம் வராவிட்டால்தான் வரவில்லை.

மூன்றாம்வாட்ச்:

கடைசிக் கேள்வி. மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து, போர்டைப் பிரித்து, எல்லாம் செய்தும் போர்ட் எஞ்சின் நின்றுவிட்டது. டிபி டெஸ்க்கில் முதல் நிமிடத்தில் என்ன வரிசை?

சுக்கான்பிடி:

ஜாய்ஸ்டிக்கைத் தொடாதீர்கள். டிபி தானே மிச்சமிருப்பதற்குப் பங்கு மாற்றிக்கொள்ளும். இடைவெளியையும் ஹெட்டிங்கையும் மட்டும் பாருங்கள். மஞ்சள் எச்சரிக்கைப் பட்டனை அழுத்தி, டெக்குக்கும் க்ரேனுக்கும் சொல்லுங்கள்: கொக்கியில் சரக்கு இருந்தால் கீழே வைக்க அல்லது தூக்கி விலக்க. ஹோஸ் போட்டிருந்தால் பம்பை நிறுத்தி, வால்வை மூடி, கழற்றத் தயாராக. கப்பல் நிற்கிறது என்றால் டிபியிலேயே மெதுவாக முன்னே நகர்ந்து வெளியேறுங்கள். மூக்கு காற்றில் இருப்பதால் முன்னே போவது எளிது. சுக்கானுக்கும் அதுதான் வேண்டும். ஸ்டாண்ட்பை எதையும் இணைக்காதீர்கள், ஏன் நின்றது என்று தெரியும்வரை பஸ்-டையை மூடாதீர்கள்.

வேறு வகை: எஞ்சின் நிற்கவில்லை, ஒரு சுக்கான் ஓரத்துக்கு ஓடி, கப்பல் திரும்ப ஆரம்பிக்கிறது. இங்கே காத்திருக்கக் கூடாது. சுக்கானோடு போராடாதீர்கள், அதன் புரொப்பெல்லர் பிட்சைச் சுழிக்குக் கொண்டு வாருங்கள். நீர் பாயாத சுக்கான் வெறும் தகடு. பிட்ச் கேட்கவில்லை என்றால் அந்தப் பக்கத்து எமர்ஜென்சி ஸ்டாப். பிறகு இரண்டையும் டிபியிலிருந்து டீசெலக்ட்.

அந்த ஸ்டாப் பட்டனை அழுத்துமுன் ஒன்று. சப்ளை கப்பலில் டிபி டெஸ்க் பின்னோக்கித்தான் பார்க்கும். நீங்கள் பின்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது கப்பலின் போர்ட் உங்கள் வலது கைப்பக்கம். சில பேனல்களில் பட்டன்கள் கப்பலின் திசைப்படி வரிசையாக இருக்கும், சிலவற்றில் வரைபடப்படி தலைகீழாக. அழுத்த வேண்டியது கெட்ட பக்கம், கை போவது பழகிய பக்கம். வாட்ச் எடுக்கும்போதே சிவப்பு, பச்சை டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.